ஏதுப் போலியும் ஏரிக்கரை வழக்கும்

பொருளை அளந்தறிதற்கு அளவை கருவியாம். கருவி பழுதுற்றவழி அளக்கப்பட்ட பொருளும் பழுதாய்த் தோன்றும். மரக்காலின் அடி உட்குழிந்திருப்பின், நெல் குறைந்ததோ மரக்கால் குறைந்ததோ என்பது அறியாது கொள்வோனும் கொடுப்போனும் வழக்கிடுவர். ஆதலின் அளவையிலக்கணம் கூறப் புகுந்த ஆசிரியர் பலரும் அதனோடு அளவைப் போலியையும் உடன்வைத்து உரைப்பாராயினர். போலியாவது, ஏதுவன்றாயிருந்தே ஏதுப்போலத் தோன்றி மயக்குவது.

அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரில், சுபக்கத்தின் முகப்பில் வைத்து ஓதப்படும் அளவைப் பகுதி பதினான்கு செய்யுட்களான் இயன்றது. அதன் இறுதியில் ஆசிரியர் பக்கப் போலி 4, ஏதுப் போலி 21, எடுத்துக்காட்டுப் போலி 18, தோல்வித்தானம் 22 எனத் தொகுத்து, ஆகக் குற்றம் 65 என எண்ணி முடித்தனர். இவ்வெண்ணிக்கையை மனப்பாடஞ் செய்து ஒப்பிப்போர் இன்றும் உளர். ஒருவன் ஒரு வழக்கினை எடுத்துரைத்தபொழுது, இதன்கண் உள்ள குற்றம் இன்னது என அப்பொழுதே சுட்டவல்லார் மிகச் சிலரே. பதினான்கு செய்யுளையும் பொருளுணராது கடந்து, நேரே முதற்சூத்திரத்திற்குச் செல்லும் வழக்கமும் பாடஞ் சொல்லுவாரிடை உண்டு. அது வாயிற்படியைத் தாண்டிக் குதித்து வீட்டினுட் புகுவதோடு ஒக்கும்.

இக்காலத்தில் இக்கல்விக்கு எதிர்பாராத ஒரு பயனும் உளதாயிற்று. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணி முதனிலைத் தேர்வில் 2011-ஆம் ஆண்டு முதல் தருக்க ஆராய்ச்சிக்குரிய வினாக்கள் இரண்டாந் தாளில் இடம்பெற்று வருகின்றன. சட்டக் கல்விக்குரிய பொது நுழைவுத் தேர்விலும் அதற்கெனத் தனிப்பகுதி உண்டு. இவ்வகைத் தேர்வுகளில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, இவ்வாதத்தின் வழு யாது என வினவுதலும் ஒரு முறை. இளைஞர் இதற்கென ஆங்கில நூல்களை நாடி, ஒவ்வொரு வழுவிற்கும் ஒவ்வோர் அயற்பெயரை நெட்டுருச் செய்கின்றனர். அப்பெயர்கட்கு நிகரான பெயர் தமிழில் ஆயிரம் ஆண்டிற்கு மேலாக வழங்கி வருதலை அவர்க்குச் சொல்லுவார் இல்லை. காஞ்சியில் அறவணவடிகள் மணிமேகலைக்கு உணர்த்தியதாக அந்நூலின் இருபத்தொன்பதாங் காதையுள் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 ஆகிய 33 குற்றங்கள் பெயரும் இலக்கணமும் உதாரணமுமாக விரிக்கப்பட்டுள்ளன. அது பௌத்தர் நெறியாயினும் தருக்கம் எல்லார்க்கும் பொது என்பதனாற் கொள்ளத்தக்கதே. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அன்னம்பட்டரது தருக்க சங்கிரகத்தை உரையொடும் தமிழிற் பெயர்த்துத் தந்தனர். வாதப்போர் வல்ல அம்முனிவர் அந்நூலைப் பெயர்த்தமை வெறும் மொழிபெயர்ப்பு வேட்கையாலன்று என்பது அவர்தம் மறுப்பு நூல்களைக் கற்றார்க்கு விளங்கும்.

நூல்களிற் காணும் உதாரணங்கள் மலை, புகை, நெருப்பு, அடுக்களை, குடம் என்னும் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். அவை இலக்கணம் பயிலுதற்குப் போதும். குற்றத்தைக் கண்டுபிடித்தலில் பயில வேண்டுவார்க்கு, உண்மையில் மக்கள் ஒருவரோடொருவர் சொல்லாடும் களம் ஒன்று வேண்டும். அத்தகைய களமாகப் பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களைக் கொள்ளலாம். சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இவ்வுவர்நீர் ஏரி இந்தியாவில் சிலிகைக்கு அடுத்த பெருமையுடையது. ஆரணியாறும் காலங்கியாறும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உவர்நீரைப் புகுத்தும். இறாற்குஞ்சு கடலிற் பிறந்து முகத்துவாரத்தின் வழி ஏரியுட் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் தூர்ந்தால் இவ்விரு வழியும் அடையும். ஆகலின் அவ்வூரார்க்கு அதுபற்றிய வழக்கு பொழுதுபோக்கன்று. அடுப்பெரிவது அதனைப் பொறுத்தது.

முதற்கண் எளிய ஒன்றைக் காண்க. மார்கழிக் காலையில் ஏரியின்மேல் வெண்படலம் ஒன்று தோன்றுகின்றது. கரையில் நிற்பான் ஒருவன், "அத்திடலில் நெருப்பு உண்டு, புகை தோன்றுதலான்" என்கின்றான். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்ச்சி உண்மையே. அவன் கூறிய வியாத்தியிற் குற்றமில்லை. ஆயினும் அங்குத் தோன்றுவது புகையோ பனியோ என்பது துணியப்படவில்லை. ஐயத்திற்கிடமாயது ஏதுவாகாது. இதனைச் சித்தாசித்தம் என மணிமேகலை கூறும். தேர்வெழுதுவார் பலர் இவ்விடத்தே தவறுகின்றனர். ஏதுவுக்கும் துணிபொருட்கும் உள்ள தொடர்பையே ஆராய்ந்து, ஏதுவானது பக்கத்தின்கண் உண்மையாக உளதோ என ஆராய மறக்கின்றனர்.

இனி இவ்வாராய்ச்சியின் நடுநாயகமாகிய வழக்கிற்கு வருவோம்.

ஏரிக்கரையூர்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வாதம் வருமாறு: "தெற்கே துறைமுகங்கள் எழுந்த பின்னரே முகத்துவாரம் தூர்கின்றது, ஆதலின் தூர்தற்குக் காரணம் துறைமுகமே." எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது, அதன் வடபால் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்குப் பின் எழுந்தது. இவ்விரண்டும் உண்மைச் செய்திகள். இங்கு ஏதுவாகக் கூறப்பட்டது 'பின்னர் நிகழ்தல்' என்பது. ஏதுவின் மெய்ம்மையறிய அதனைச் சபக்கத்திலும் விபக்கத்திலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். காரியமாயின யாவும் தத்தம் காரணத்தின் பின்னரே நிகழும். ஆதலிற் சபக்கத்தில் இவ்வேது உளது. காரியமல்லாதனவும் பின்னர் நிகழும். காக்கை அமரப் பனம்பழம் வீழ்ந்தது என்னும் பழமொழி இதற்கே எழுந்தது. ஆதலின் விபக்கத்திலும் இவ்வேது உளது. இரண்டிடத்தும் சென்று பொருந்தும் ஏது சாதாரண அநைகாந்திகம் எனப்படும். அஃது ஒன்றையும் துணியாது. அன்றியும் ஆற்றுநீர் வற்றிய வேனிற்காலத்தில் முகத்துவாரம் மணலாற் குறுகுதலும், வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதனை உடைத்துத் திறத்தலும் துறைமுகங்கட்கு முன்னரும் நிகழ்ந்தனவே. துறைமுகம் இல்லாத காலத்தும் தூர்தல் உண்டாயின், வெதிரேகமும் பழுதாயிற்று.

அற்றேல், துறைமுகத்திற்கும் தூர்தற்கும் யாதும் இயைபில்லை என்பது பெறப்பட்டதன்றோ எனின், அற்றன்று. இதுவே எதிர்வாதிகள் வீழும் குழி. ஓர் ஏது பொய்த்தமையால் அவ்வேது கூறியவனது துணிபு பொய்த்ததாகாது. அது துணியப்படாமல் நின்றது என்பதே பெறப்படும். பனியைப் புகையென்றவன் ஏது அசித்தமாயினும், அத்திடலில் உண்மையாகவே ஒருவன் சோறாக்கிக் கொண்டிருத்தல் கூடும். "முன்னரும் தூர்ந்தது, ஆதலின் இப்பொழுதும் அக்காரணத்தாலேயே தூர்கின்றது" என்னும் மறுப்பும் முன்னதனோடொத்த அநைகாந்திகமே. முன்னொருகால் விளக்குச் சாய்ந்து கூரை எரிந்தது என்பதனால், இம்முறை எரிந்ததும் விளக்கினாலேயே எனல் கூடாது.

துறைமுகத்தைக் குற்றஞ் சாற்றுவார் ஏதுவை மாற்றிக் கூறுதல் வேண்டும். அதற்குத் தக்க காரிய ஏது சென்னைக் கடற்கரையிலேயே உளது. இக்கரையில் தென்மேற்குப் பருவத்தின் அலைகள் கரைமணலை வடக்கு நோக்கி உந்திச் செல்லும்; வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கு நோக்கும்; ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்துப் பார்ப்பின் வடக்கு நோக்கிய செலவே மிகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் கடலுள் நீட்டப்பட்டபொழுது இம்மணல் அதன் தென்பாற் குவிந்தது. மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வரவற்ற வடபால் இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. அதுமுதல் அவ்வரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் வேலை ஓய்ந்தபாடில்லை. மணற்செலவு தடைப்படின் தடையின் வடபால் கரை தேயும் என்னும் வியாத்தி இதனால் நிலைபெறும். இஃது 'பின்னர்' என்னும் வெற்றுக் காலமுறை பற்றியதன்று. காரணம் காரியத்தைச் செய்யும் வழி காட்டப்பட்டது.

இவ்விடத்தே நுண்ணிய குற்றமொன்று தலைகாட்டும். மேற்கூறிய வியாத்தியைக் கொண்டு ஏரிக்கரை வாதி, "துறைமுகம் வடக்கே செல்லும் மணலைத் தடுக்கின்றது, ஆதலின் வடக்கேயுள்ள முகத்துவாரம் மணலால் தூர்கின்றது" என்று கூறுவானாயின், கேட்டோர் பலரும் தலையசைப்பர். நின்று ஆராய்க. மணலைத் தடுத்தல் என்னும் ஏது, வடபால் மணல் குறைதலைச் சாதிக்குமேயன்றி மிகுதலைச் சாதியாது. தான் சாதிக்கக் கருதியதன் மறுதலையைச் சாதிக்கும் ஏது விருத்தம் எனப்படும். ஏதுப் போலி மூன்றனுள் இதுவே கொடியது. அசித்தமும் அநைகாந்திகமும் வாளாவிருக்கும், விருத்தமோ கூறியவனையே வெட்டும். எதிர்க்கட்சியின் அறிஞர் இவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு முழு வழக்கையும் எள்ளுதல் எளிது.

அங்ஙனமாயின் அவ்வழக்கு உய்யும் வழி யாது? இடையில் ஒரு படி காட்டல் வேண்டும். துறைமுகத்திற்கும் முகத்துவாரத்திற்கும் இடைப்பட்ட கரை தேய்கின்றபொழுது, அத்தேய்ந்த மணல் எங்குச் செல்கின்றது என்பது வினா. அது வடக்கே நகர்ந்து முகத்துவாரத்தின் வாயிற் படிகின்றதாயின், துறைமுகம் முதலில் கரையரிப்புக்கும், கரையரிப்பு பின்னர்த் தூர்தற்கும் காரணமாம். விருத்தம் நீங்கும். அப்படி அளவெடுப்பால் நிறுவப்படுமாயின் வழக்கு வலிபெறும். நிறுவப்படாதாயின் 'கரையரிப்பு' என்னும் வழக்கையும் 'முகத்துவாரத் தூர்வு' என்னும் வழக்கையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னதற்கு மணற்றடையையும் பின்னதற்கு வேறு தக்க ஏதுவையும் கூறுதலே முறை. இரண்டையும் ஒரு கயிற்றிற் கட்டினால் ஒன்று மற்றொன்றை இழுத்து வீழ்த்தும்.

இன்னொன்று. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைத்தற்கு அதன் இருபாலும் கற்சுவர் எழுப்பப்படுதல் வேண்டும் என்பது அவ்வூரார் நெடுநாட் கோரிக்கை. கடலுள் நீளும் கற்சுவர் மணற்செலவைத் தடுத்து வடபாற் கரையைத் தேய்க்கும் என்பது துறைமுகத்தின்மேல் அவர் சாற்றும் குற்றம். ஏது இரண்டிடத்தும் ஒன்றே. ஒன்றை மறுத்து ஒன்றை வேண்டுவார், சுவரின் நீளம் ஆழம் முதலியவற்றால் வேறுபாடு காட்டி ஏதுவிற்கு அடைமொழி புணர்த்தல் வேண்டும். அன்றேல் தன்வசன விரோதம் என்னும் பக்கக் குற்றம் அவர்பாற் சாரும். வேறுபாடு உண்மையாகவே உளதாகலாம். கூறாது விடின் கேட்போன் தானே ஊகித்துக் கொள்ளான்.

எடுத்துக்காட்டுப் போலியுள் பெரிதும் மயக்குவது விபரீதான்னுவயம். "நீரில் உப்பு அளவிறப்ப மிகின் மீன் குன்றும், இவ்வாண்டு மீன் குன்றிற்று, ஆதலின் உப்பு மிக்கது" என ஒருவன் உரைப்பின், அவன் தொடர்ச்சியைத் தலைகீழாகப் பற்றினான் என்க. புகையுள்ளவிடத்து நெருப்பு உண்டு என்பது பெறப்படும். நெருப்புள்ளவிடமெல்லாம் புகை உண்டு என்பது பெறப்படாது, பழுக்கக் காய்ந்த இரும்பில் புகையின்மையின். மீன் குன்றுதற்கு முகத்துவாரம் அடைதலும், சிறுகண் வலையால் குஞ்சுகளை வாரிக்கொள்ளுதலும், வண்டல் படிந்து ஏரி மேடுறுதலும் தனித்தனியே காரணமாகக் கூடும். உப்பை அளந்து பார்த்தலே இங்குச் செய்யத்தக்கது. காண்டலளவைக்கு எளிதில் அகப்படும் ஒன்றைக் கருதலளவையால் வருந்திச் சாதிப்பானேன்? தேர்வுத் தாள்களில் மிகுதியும் காணப்படும் வழு இதுவே என்பதனை மாணாக்கர் குறித்துக் கொள்க.

உபாதி என்பது தருக்க நூலார் கண்ட அரிய கருத்து. நெருப்புள்ளதனால் மட்டும் புகை உண்டாகாது. ஈர விறகின் சேர்க்கையால் உண்டாகும். அவ்வீர விறகே உபாதி. வாதி காட்டும் ஏதுவுக்கும் துணிபொருட்கும் நடுவே மறைந்து நின்று, தொடர்ச்சியைத் தானே தாங்கி நிற்பது அது. இதற்கு ஏரிக்கரையிற் காட்டத்தக்க உதாரணம் இறாற் பண்ணை. "ஏரியில் இறால் எடுப்பது ஏரிக்குத் தீங்கன்று, பண்ணையில் எடுப்பதும் இறாலே, ஆதலின் அதுவும் தீங்கன்று" என்று 1990-ஆம் ஆண்டுகளில் கூறப்படக் கூடியதாயிருந்த வாதத்தை ஆராய்க. ஏரியில் எடுத்தல் தீங்கற்றதாயிருந்ததற்குக் காரணம் எடுக்கப்பட்டது இறால் என்பதன்று. தீவனமும் மருந்தும் கலந்த கழிநீரை ஏரியிற் பாய்ச்சாமையும், நன்னிலத்தை உவர்நீராற் கெடுக்காமையுமே காரணம். அவ்வுபாதி பண்ணையின்கண் இல்லை. உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், ஜகந்நாதன் என்பார் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபொழுது, சிலிகை ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1000 மீட்டர் எல்லைக்குள் இறாற் பண்ணை அமைத்தல் கூடாதென விதித்தது. ஏரி மீன்பிடிப்பையும் பண்ணையையும் ஒரு நிறையாக வைக்கும் கருத்திற்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

இனிச் சொற்பற்றிய குற்றம். இவ்வேரியில் 'பாடு' என்னும் முறை வழங்குகின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் ஊரார், தலைக்கட்டுக் கணக்கிற் சேர்ந்தோர்க்கு இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடும் உரிமை என்பதனைச் சீட்டுக் குலுக்கிப் பகுத்துக்கொள்வர். நல்லிடம் ஒருவனுக்கே நிலையாகாமல் முறைமுறையே எல்லார்க்கும் செல்லும். இங்ஙனம் வலையிடும் இடமும் முறையும் பாடு எனப்பட்டது. இம்முறையிற் சேராதார் ஒருவர், "ஏரியில் எல்லாரும் பாடுபடுகின்றனர், பாடுபட்டார்க்கே பாடு உரியது, ஆதலின் எல்லார்க்கும் பாடு உண்டு" எனின், கேட்க இனிதாயிருக்கும். முதற்கண் நின்ற 'பாடு' உழைப்பு; பின்னின்றது உரிமையிடம். ஒரு சொல்லை இரு பொருளில் நிறுத்தி நடுவே பாலங் கட்டுதல் வாக்குச் சலம். தமிழ் போன்ற பல்பொருட் சொல் மலிந்த மொழியில் இக்குற்றம் கவிக்கு அணியும் வாதிக்குப் பழுதுமாய் நிற்கும். சிலேடையில் வல்ல புலவர் வழக்காடப் புகுந்தால் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

எதிர்ப்பக்கத்தார் கூற்றும் குற்றமற்றதன்று. "பாடு முறை பழமையானது, ஒல்லாந்தர் 1613-இல் இங்குக் கோட்டை கட்டிய நாளினும் முந்தியது, ஆதலின் நியாயமானது" என்பர். பழமை அத்துணையதாகவே இருக்கட்டும். பழையனவற்றுள் நியாயமானவையும் உள. தீண்டாமை போன்று அநியாயமானவையும் உள. பழமை என்னும் ஏது இரண்டிடத்தும் செல்லுதலின் இதுவும் சாதாரணமே. பழமையொன்றால் நன்மையும் புதுமையொன்றால் தீமையும் துணியப்படா என்பதனை உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில் முன்னரே அறிவுறுத்தினர். ஆகமத்தைப் போற்றும் மரபில் நின்றே அவர் அங்ஙனம் கூறினார் என்பது சைவர் மறக்கலாகாத ஒன்று. பாடு முறையைத் தாங்க வேண்டுவார், அது நல்லிடத்தைச் சுழற்சியாற் பங்கிடுதலையும், ஓரிடத்தில் வலைகள் நெருங்காமற் காத்தலையும் ஏதுவாகக் காட்டுக. அம்முறையினின்று விலக்கப்பட்ட குடிகள் படும் குறையை அவ்வேதுக்கள் மறைக்கா என்பதனையும் உடன் கொள்க. "ஏரி பொது; ஆதலின் எவரும் எவ்விடத்தும் எவ்வலையும் இடலாம்" என்னும் மறுதலைக் கூற்றும் நில்லாது. ஊர்க்குளமும் தெருவும் பொதுவாயிருந்தும் நெறிக்கு உட்பட்டனவே. பொதுமை நெறியின்மையைச் சாதியாது.

தோல்வித்தானம் இருபத்திரண்டனுள் பெரும்பாலன வாதத்தின் உட்குற்றமாகாமல், அவையில் வாதி ஒழுகும் முறையின் குற்றமாகும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெருந்தொழில்கட்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுதல் வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. இத்தகைய அவைகளிலே எழும் வாதங்கள் சிலவற்றை ஊகித்துக் காண்க. "கரை தேயுமோ?" என்று வினவப்பட்டவன் "பல்லாயிரவர்க்கு வேலை கிடைக்கும்" என்பானாயின், அவன் அர்த்தாந்தரம் என்னும் தோல்வித்தானத்துட் பட்டான். வேலை கிடைத்தல் உண்மையாகவே இருக்கலாம், கேட்கப்பட்டது அஃதன்று. "தேயாது" என்று முதலிற் கூறியவன் மறுக்கப்பட்டபின் "சிறிது தேயினும் கல் கொட்டிக் காப்போம்" என்பானாயின், முன்னைய மேற்கோளை விட்டமையின் பிரதிஞ்ஞாஹானி. ஊரார் "நீவிர் மணலைக் கெடுக்கின்றீர்" என, எதிரி "நீவிரும் சிறுகண் வலையாற் குஞ்சு மீனைக் கெடுக்கின்றீர்" என்பது மதாநுஞ்ஞை. தன்மேற் சாற்றிய குற்றத்தை நீக்காமல் அதனைப் பிறன்மேலும் ஏற்றுதலால், தன் குற்றத்தை உடன்பட்டவனாகின்றான். ஊராரும் இதே குற்றத்தை எதிர்முகமாகச் செய்தல் உண்டு. சிறுகண் வலையைப் பற்றி வினவின், அவர் துறைமுகத்தைக் கைகாட்டுவர்.

தேர்வெழுதுவார்க்கு ஈண்டு ஒரு குறிப்பு. வினாத்தாள் முடிபின் மெய்பொய்யை வினவாது. கூறிய ஏதுவினின்று அம்முடிபு வருமோ என்பதனையே வினவும். முடிபு தனக்கு உவப்பாயின் வழுவைக் காணாமையும், உவப்பின்றாயின் இல்லாத வழுவைக் கற்பித்தலும் மாணாக்கர்பால் நிகழ்கின்றன. விடையாகக் கொடுக்கப்பட்ட நான்கனுள், பத்தியிற் கூறப்பட்ட செய்தியை உள்ளவாறே எடுத்துரைப்பதாயினும் வழுவாகாத ஒன்று பெரும்பாலும் வைக்கப்பட்டிருக்கும். "இவ்வாதி எதிரியின் கருத்தைக் கூறவில்லை" என்பது உண்மையாயிருக்கலாம். கூறாமை அவ்வாதத்தின் குற்றமாகுமோ என்பதே கேள்வி.

உவப்புப்பற்றிய இம்மயக்கம் சமய நூலாராய்ச்சியிலும் உண்டு. கோயிலின் தொன்மையைக் காட்டிக் கொள்கையின் மெய்ம்மையைச் சாதிப்பாரும், புறச்சமயத்தார் ஒழுக்கக்குறை கூறி அவர்தம் நூலை மறுப்பாரும் சைவருள்ளும் உளர். முன்னது அநைகாந்திகம், பின்னது அர்த்தாந்தரம். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தையும் முதலில் அம்மதத்தார் தாமே கூறுமாறு நிறுத்திப் பின்னரே மறுக்கப் புகுந்தமை, இக்குற்றங்கட்கு இடங்கொடாமைப் பொருட்டாம். கூறாததைக் கூறினான் என வைத்து மறுத்தல் எளிது, அது மறுப்பாகாது.

ஏரிக்கரை வழக்கை ஐந்துறுப்பும் நிரம்ப அமைப்பின் இவ்வாறாம். துறைமுகச் சுவருக்கு வடபாலுள்ள இக்கரை தேய்வுறும் என்பது மேற்கோள். தெற்கினின்று வரும் மணல் இடையே தடைப்படுதலான் என்பது ஏது. யாண்டு மணல் வரவு தடைப்பட்டு அலையின் வாரல் மட்டும் தொடருமோ ஆண்டுக் கரை தேயும், இராயபுரக் கரை போல என்பது எடுத்துக்காட்டு. இக்கரையும் அத்தன்மைத்து என்பது உபநயம். ஆகலின் இது தேயும் என்பது நிகமனம். இவற்றுள் எதிரி மறுக்கக் கூடியது உபநயம் ஒன்றே. 'எண்ணூர்க்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் மணல் வரவு அத்துணை தடைப்படவில்லை' என்பான். அதற்கு விடை வாய்ச்சொல்லாற் கூறப்படுவதன்று. ஒவ்வோர் ஊரின் முன்னும் கரைக்கோடு பருவந்தோறும் எங்கு நின்றது என அடையாளக் கல் நட்டு, ஊராரும் பொறியியலாரும் ஒருங்கிருந்து அளந்து எழுதிவைத்த கணக்கினாற் கூறப்படுவது. அக்கணக்கில் முகத்துவாரத்தின் அகலமும் மாதந்தோறும் சேர்க்கப்படுமாயின், மேலே பிரித்து வைக்கப்பட்ட இரண்டாம் வழக்கிற்கும் ஏது அதிலிருந்தே கிடைக்கும்.